எலி கடிக்கிற இடம்

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மணிவேல் சாவியைத் திருகினான். செல்ஃப் மட்டும் அடித்தது, எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருகினான். அதே வெறும் இழுப்பு. ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

"மறுபடியும் கடிச்சுட்டானுவளா மாமா?" என்று பின்சீட்டிலிருந்து கலைவாணன் கேட்டான். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் அவனுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

கலைவாணன் மணிவேலின் மனைவி அமிர்தவல்லிக்குத் தம்பி. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவன். இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர் ஓடும். காலை ஏழு மணிக்கு அவன் முறை. தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும். போன செவ்வாய் அப்படித்தான் தவறியது. எலி வயரைக் கடித்து வண்டி நின்றுபோக, பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது ஒன்பது மணி. அன்றிலிருந்து அவன் முகமும் காலும் ஊதிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இரவைக் கழித்தான். இன்றும் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஊரில் இருந்த இன்னொரு கார் கல்யாணத்துக்குப் போயிருந்தது. மணிவேல் சிறுவாச்சூர் மெக்கானிக் ராஜேஷுக்குப் போன் போட்டான்.

வண்டி பழைய டீசல் கார். தெரு குறுகல், உள்ளே நுழையாது. ஊர்க் களத்தோரம் வெட்டவெளியில்தான் நிற்கும். பக்கத்திலேயே, களத்துக்கு எதிர்வீட்டு உண்ணாமலையின் மக்காச்சோளக் கதிர், ஆள் உயரத்துக்குக் குவித்து, படுதா போட்டு மூடியிருந்தது. எலிக்கு என்ன பஞ்சம்? மணிவேலும் சும்மா இருக்கவில்லை. அந்துருண்டை போட்டான், புகையிலையைக் கிள்ளிப் போட்டான், பினாயில் ஊற்றினான், பொறி வைத்தான். எலி இருட்டைத்தான் தேடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ராத்திரியெல்லாம் பானெட்டைத் திறந்தே வைத்தான். எதுவும் பலிக்கவில்லை. இத்தனை பெரிய எஞ்சினில் எலி கடித்ததெல்லாம் ஒரே இடம், பேட்டரிக்குப் பக்கத்தில் போகிற வயர்க் கற்றை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

ராஜேஷ் பைக்கை நிறுத்திவிட்டு, பல்கூட விளக்காத முகத்தோடு பானெட்டுக்குள் குனிந்தான்.

"அண்ணே, ஒவ்வொரு தடவையும் மேலாக்க ஒட்டு போட்டு ஓட்டிக்கிட்டிருக்கோம். பேட்டரிய எறக்கிப் பாத்துடுவோம்."

"நேரமாவுதுடா."

"அஞ்சு நிமிசம்ணே."

பேட்டரியைத் தூக்கியதும் ராஜேஷ் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தான். அடித் தட்டில் மஞ்சள் துணி முடிச்சுகள் மூன்று நான்கு கிடந்தன. எல்லாம் கடித்துக் குதறியிருந்தன. சுற்றிலும் பழுப்பாக ஏதோ மாவு, குங்குமம், எலிப் புழுக்கை.

"அண்ணே, நான் இதுல கை வெக்க மாட்டேன். எவனோ ஒங்களுக்கு வச்சிருக்கான்."

மணிவேலுக்குத் தலைக்கு ஏறியது. கதிர்க் குவியலை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உண்ணாமலையோடு சண்டை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"உண்ணாமல அக்கா! வெளிய வா! ஒரு உசுரு போவப் பாக்குது, இப்ப ஒனக்குச் சந்தோசமா?"

உண்ணாமலை வாசல் கூட்டிய விளக்குமாற்றோடு வந்தாள். முடிச்சுகளைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏன்டா மணிவேலு, ஒனக்குச் செய்வினை வெக்கிறவ பச்சரிசி இடிச்சு, வெல்லம் போட்டு, நெய் ஊத்திப் பெசஞ்சா வெப்பா? எம்புருசனுக்கே நான் இவ்ளோ நெய் ஊத்துனதில்ல. இது மாவிளக்கு மாவுடா, கூறுகெட்டவனே."

ராஜேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயரைப் பிடித்தான்.

தண்ணீர் பாட்டிலும் ஆஸ்பத்திரிப் பையுமாக வந்த அமிர்தவல்லி அங்கேயே நின்றுவிட்டாள். மணிவேல் அவளைப் பார்த்தான்.

"நீயா?"

"மொதத் தடவ கடிச்சப்ப சிறுவாச்சூர் அம்மன்கிட்ட வேண்டிக்கிட்டேன். மாவிளக்கு போட்டுட்டு, அந்த மாவுல ஒரு பிடி முடிஞ்சு கொண்டாந்து பேட்டரி சந்துல சொருகி வச்சேன். அம்மா காவலு இருப்பான்னு."

"அத வூட்டுல சாமி மாடத்துல வெக்கக் கூடாதா?"

"நீங்கதான பானெட்ட தொறந்து, பாருடி இங்கதான் கடிக்குதுன்னு காட்டுனீங்க? கடிக்கிற எடத்துலதான காவலு வெக்கணும்?"

"அப்பறமும் கடிச்சுதே!"

"ஒரு முடிச்சு பத்தலன்னு நெனச்சேன். கோயிலுக்குப் போற வாரமெல்லாம் ஒண்ணு கொண்டாந்து வச்சேன்." பாட்டிலையும் பையையும் தரையில் வைத்துவிட்டாள். "என் தம்பிக்கு நானே எமனா வந்துட்டனே."

காருக்குள்ளிருந்து கலைவாணன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, மறுபடி சிரிப்பாகவே வந்து நின்றது.

"அக்கா, களத்து எலிக்கெல்லாம் பந்தி வச்சிருக்க. சாப்புட்டுட்டு வெத்தலைக்குப் பதிலா வயர மென்னுட்டுப் போயிருக்குதுவ."

"வாய மூடுடா. மூச்ச புடிச்சு வச்சுக்க" என்றாள் அமிர்தவல்லி.

மணிவேலுக்குக் கோபப்பட நேரமில்லை. ராஜேஷ் டார்ச்சை நீட்டினான்.

"அண்ணே, இதப் புடிங்க. சண்டைய சாயங்காலம் போட்டுக்கலாம்."

அறுந்த வயர்களை ஒவ்வொன்றாக உரித்து, முறுக்கி, டேப் சுற்றினான். பேட்டரியை வைத்து முடுக்கினான். "அடிங்க" என்றான். மணிவேல் சாவியைத் திருகினான். எஞ்சின் ஒரு குலுக்குக் குலுங்கிப் பிடித்துக்கொண்டது. அமிர்தவல்லி செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினாள்.

"அக்கா, கோவத்துல..." என்று மணிவேல் உண்ணாமலையிடம் ஆரம்பித்தான்.

"மொதல்ல அவனக் கொண்டு போயி சேருடா!"

ஹைவேயில் வண்டி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மணிவேலும் அமிர்தவல்லியும் ஆளுக்கொரு கையாகக் கலைவாணனைத் தாங்கி உள்ளே போனபோது, நர்ஸம்மா கையில் அடுத்த ஆளின் சீட்டு இருந்தது. அவனைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்தாள்.

"செவ்வாக்கெழமையும் விட்டுட்டீங்க. மொகத்தப் பாருங்க, பூசணிக்கா மாதிரி. ஏறிப் படுங்க."

ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்ததைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். மணிவேல் பெஞ்சில் உட்கார்ந்தான். அமிர்தவல்லி பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவன் தடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான்.

"இனிமே மாவ என்ன செய்றது?" என்றாள்.

"கோயில்லயே எல்லாருக்கும் குடுத்துட்டு வா. மிச்சத்த நான் தின்னுக்கறேன். எனக்கு ஒரு தடவயாச்சும் குடுத்தியா நீ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீ புடவையில் சிந்தியது.

அன்று மாலையே அடித்தட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். ஏர் ஃபில்டருக்குள்ளும் எலிக்கூடு இருந்தது, மஞ்சள் நூலும் பஞ்சுமாக. அதையும் வழித்து எறிந்தார்கள். ராஜேஷ் கீழ்ச் சந்துகளுக்கெல்லாம் கம்பிவலை அடித்துக் கொடுத்தான். கதிர்க் குவியலை நகர்த்த முடியாது என்று உண்ணாமலை சொல்லிவிட்டாள். ஆனால் களத்தின் எதிர்ப்பக்கம் தன் வீட்டுச் சுவரை ஒட்டியிருந்த சிமெண்டுத் தளத்தில் காரை நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். அங்கே அடுக்கியிருந்த விறகை அவளே எடுத்துப் போட்டாள்.

அடுத்த செவ்வாய் முதல் திருகிலேயே எஞ்சின் பிடித்தது. வண்டி பிடிக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் விடியும் முன்பே கிளம்பியிருந்ததால், அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டயாலிசிஸ் வார்டின் கதவே திறக்கவில்லை. வராந்தாவில் ஒருவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ வெள்ளன வந்து என்ன பண்றது?" என்றாள் அமிர்தவல்லி.

"உக்காந்திருப்போம்" என்றான் மணிவேல். காருக்குள்ளேயே சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான்.

"ஒன்னய எழுப்பணுமா மாமா?" என்றான் கலைவாணன்.

"ஒன்னயக் கூப்புட்டா நீயே எறங்கிப் போ மாப்ள. கால் இருக்குல்ல."