வேலிக்கு வெளியே இங்கேபோர்

மேய்கிற மாடு கல்லறையை மிதிக்காமல் இருக்கத்தான் முதலில் அந்த வேலியைப் போட்டார்கள். நார்வேயிலிருந்து வந்து, அமெரிக்காவின் டகோட்டாப் புல்வெளியில் மண் வீடு கட்டிக் குடியேறியவர்களுக்கு அப்போது சர்ச்சும் இல்லை, போதகரும் இல்லை. வண்டியில் வரும்போதே செத்துப்போன ஒரு கைக்குழந்தையின் மேடு மட்டும் இருந்தது. அதைச் சுற்றித்தான் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து படுத்தார்கள். தொண்டை அடைப்பான் வந்த வருஷம் ஒரு வரிசை முழுக்கக் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் சர்ச் வந்தது. சர்ச்சோடு ஒரு கமிட்டியும் வந்தது. கமிட்டி வந்ததும், மாட்டுக்குப் போட்ட வேலி மனிதர்களையும் தடுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்படித் தடுக்கப்பட்டவள் இங்கேபோர் ஒருத்திதான். ஒரு நீண்ட பனிக்காலத்தின் கடைசியில் தொழுவத்தில் தூக்கு மாட்டிக்கொண்டவள். தன் உயிரைத் தானே எடுத்தவளுக்கு உள்ளே இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. வேலியை ஒட்டியிருந்த புருஷனின் வயலிலேயே அவள் புதைக்கப்பட்டாள். இப்போது அந்த வயல் அவள் மகள் ராக்னாவுடையது. சுற்றிலும் கோதுமை விளையும். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் இத்தனை வருஷத்தில் கலப்பை பட்டதில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு எழுபத்தைந்து வயதாகிறது, விழா எடுக்கலாம் என்று ஆரம்பித்தவர் இப்போதைய கமிட்டித் தலைவர் ஓலுஃப். தோட்டத்தின் வரலாற்றைப் பற்றி அவர்தான் பேசப் போகிறார். பேச்சைத் தொழுவத்தில் பசுக்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "இந்தத் தோட்டத்தில் என் அப்பாவின் மண்வெட்டி படாத குழி கிடையாது" என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பார். பசுக்கள் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சை முடிக்கத்தான் கனமாக ஏதாவது வேண்டியிருந்தது. வேலியை நகர்த்தி இங்கேபோரை உள்ளே சேர்த்துவிட்டால் என்ன? சபை மொத்தமும் கைதூக்கியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராக்னா நகரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது. வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று ரகசியமாக வைத்துக்கொண்டார்கள். அவருடைய நிலத்தில், அவருடைய அம்மாவைச் சுற்றிக் கம்பம் நடுவதற்கு அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனிதர்களுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஓலுஃபும் இன்னும் மூன்று பேரும் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓலுஃப், நாளைக்குப் பேச்சுல எங்க பேரும் வருமா? இல்ல, நீ ஒருத்தனே தோண்டினதா சொல்லப்போறியா?" என்றார் நெல்ஸ்.

"வரும்டா. நெல்ஸ்னு ஒருத்தன் மண்வெட்டி மேல சாஞ்சுக்கிட்டு நின்னான்னு தெளிவா சொல்றேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் ராக்னாவின் மகன் ஓட்டிவந்த லாரி வந்து நின்றது. விழாவுக்காக ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்திருந்தார் ராக்னா. நகரத்துக்குப் போட்டுப்போன கோட்டோடு இறங்கி, நட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓலுஃப் தொப்பியைக் கழற்றினார். "இனிமே அம்மா வெளியே இல்லக்கா. உள்ளே வந்துட்டாங்க. சபையில எல்லாரும் சேர்ந்து அவங்கள மன்னிச்சு…"

"மன்னிச்சா? உங்களுக்கு எங்கம்மா என்ன பண்ணினா?"

ஓலுஃபுக்கு முகம் சிவந்தது. "அதில்லக்கா, அந்தக் காலத்து ஆளுங்க…"

"உள்ளே விடாதப்பவும் எங்கள யாரும் கேக்கல. இப்ப உள்ளே இழுக்கறப்பவும் கேக்கல." ராக்னா குனிந்து குழியைப் பார்த்தார். "நாலு பேர் சேர்ந்து நல்லாத்தான் தோண்டியிருக்கீங்க. அன்னிக்கு ஒருத்தராவது வந்திருக்கலாம்."

அந்த ஊரில் செத்தவரின் குடும்பம் மண்வெட்டியைத் தொடக்கூடாது. குழி வெட்டுவது அக்கம்பக்கத்து ஆண்களின் கடமை. பேச்சுவார்த்தை இல்லாத பகையாளிகூட வந்து வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். பெற்ற பிள்ளையே வெட்டும்படி விட்டால் சுற்றியிருக்கும் எல்லா வீட்டுக்கும் அவமானம்.

"அப்ப யாரு வெட்டினாங்க?" என்று கேட்டார் நெல்ஸ்.

"அப்பாவும் நானும். எனக்கு ஒன்பது வயசு. தரை இரும்பா உறைஞ்சு கெடந்துச்சு. வைக்கோலைப் போட்டு எரிச்சு, எளகின மட்டும் தோண்டுவோம். மறுபடி எரிப்போம். புகை எல்லா வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கும். உள்ளே இடமில்லன்னாங்க, சரி. குழி வெட்ட வரக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

ஓலுஃப் திரும்பிப் பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த வீடு அங்கிருந்து பார்த்தால் தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிரே இந்த வயல். அப்பாவின் மண்வெட்டி படாத குழி கிடையாதாம்! பசுக்களிடம் சொன்னதையெல்லாம் நினைத்தபோது அவருக்கு உடம்பே கூசியது. எழுபது வயதை நெருங்கும் மனிதர், தப்பு செய்து அகப்பட்ட பள்ளிக்கூடப் பையனாகத் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். மற்றவர்களும் மண்ணைப் பார்த்தார்கள்.

"கம்பத்தையெல்லாம் பிடுங்கிடறோம்க்கா."

"பிடுங்கு, இல்ல அப்படியே விடு. அம்மாவுக்கு அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நான் அம்மா பக்கத்துலதான் படுக்கப்போறேன். அன்னிக்கு நீங்க வருவீங்களா? இல்ல, என் மகனையே தயாரா இருக்கச் சொல்லணுமா?"

நெல்ஸின் பெண்டாட்டி செத்தபோது மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியது ராக்னாதான். அவருக்கு இப்படி ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. இத்தனை காலமும் அதை வைத்துக்கொண்டுதான் இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறார்.

"வருவோம்க்கா," என்றார் ஓலுஃப். "சத்தியமா வருவோம்."

ராக்னாவுக்குக் கோபம் வரவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது ஓலுஃபுக்கு.

"உங்கப்பாவும் அப்படித்தான் சொன்னாரு," என்றார் ராக்னா. "அம்மா போயிட்டான்னு சொல்ல நான்தான் உங்க வீட்டுக்கு ஓடினேன். 'நீ போம்மா, விடிஞ்சதும் வந்துடறேன்'னு தலையைத் தடவி அனுப்பினாரு. அதை நம்பி எங்கப்பா மத்தியானம் வரைக்கும் மண்வெட்டியைத் தொடல."