கந்தல் கட்டிய சைக்கிள் சீட்டு

சந்திரகலாவின் முதல் சைக்கிள் சீட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் நிலைய வாசலில் காணாமல் போனது. சைக்கிள் இருந்தது, பூட்டு இருந்தது, சீட்டு இருந்த இடத்தில் வெறும் இரும்புக் குழாய் மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. அன்று வீடு வரை நின்றுகொண்டே மிதித்தாள். ஏதோ பந்தயம் என்று நினைத்து, பூக்கடையில் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள்.

பங்சாரில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் அவளுக்கு வேலை. அடுத்தவர் இடுப்பைச் சரிசெய்யும் தொழில் என்பதால், தன் இடுப்பு விஷயத்தில் அவள் சமரசம் செய்துகொள்வதில்லை. நல்ல தோல் சீட்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாள். முதலில் பலகை மாதிரி இருந்தது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய பிறகு, அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் குழைந்து படிந்துவிட்டது. இனி அதைத் திருடுபவன் சீட்டை மட்டுமா கொண்டுபோவான், அந்த ஆறு மாதத்தையும் அல்லவா கொண்டுபோவான்?

எனவே பாதுகாப்பு ஏற்பாடுகள் நடந்தன. எந்தக் கருவியும் நுழையாதபடி, சீட்டின் ஸ்குரூ தலைக் குழிக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டை அடைத்து, மேலே மெழுகு ஊற்றினாள். பழைய செயின் ஒன்றை ரப்பர் டியூபுக்குள் நுழைத்து, சீட்டையும் சைக்கிளையும் சேர்த்துப் பிணைத்தாள். கடைசியாகக் கணவனின் கிழிந்த பனியனைச் சீட்டின்மேல் சுற்றி, பழுப்பு டேப் ஒட்டி, மீந்துபோன பெயின்ட்டை அங்கங்கே தெளித்தாள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவளுக்குப் பரம திருப்தி.

ஒரு வருடம் எந்தத் திருடனும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தது மெய்யம்மை ஆச்சி.

ஆச்சிக்கு பங்சாரில் மூன்று கடைகள், இரண்டு முட்டிகளிலும் வலி. செவ்வாய்தோறும் காலையில் காரில் வந்து இறங்குவார். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மணி நேரச் சிகிச்சை முடிந்ததும், சந்திரகலாவின் கையைப் பிடித்துப் பின்சந்துக்கு அழைத்துப் போனார். "கண்ணை மூடிக்க சந்திரா. ம்... இப்பத் திற."

சைக்கிளில் புத்தம்புது சீட்டு. ரோஸ் கலர். சோபா மாதிரி அகலம், அடியில் இரண்டு தடித்த ஸ்பிரிங்.

"அந்தக் கந்தல்ல நீ உட்கார்றதப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசே ஆறல" என்றார் ஆச்சி.

பக்கத்தில் டிரைவர் யுகேந்திரன் வியர்த்துப்போய் நின்றார். "லேசுல கழட்ட முடியல மேடம். மெழுகச் சுரண்டி எடுத்தேன். செயினுக்கு ஹார்டுவேர் கடையில போய் கட்டர் வாங்கினேன். முழுசா ஒரு மணி நேரம் லா. இங்க உள்ள செக்யூரிட்டி கார்டுதான் சைக்கிளப் பிடிச்சுக்கிட்டாரு."

எந்தத் திருடனுக்கு இவ்வளவு பொறுமை இருக்கும்?

"பழைய சீட்டு எங்கண்ணே?" சந்திரகலாவின் குரல் கீச்சென்று வந்தது.

"பழைய பேப்பர் லோரி வந்துச்சு. அதுல தூக்கிப் போட்டுட்டேன்."

பழைய பேப்பர் கேட்டுக் கூவும் அந்த லோரியின் ஸ்பீக்கர் சத்தம் தூரத்தில் இன்னும் கேட்டது. "ஆச்சி, அஞ்சு நிமிஷம்!" என்று ரோஸ் சோபாவில் தாவி ஏறினாள். மேட்டில் ஸ்பிரிங் கிறீச்சிட, பள்ளத்தில் அவளே ஒரு முறை மேலெழும்பி இறங்க, வெள்ளைச் சீருடையோடு மூன்று தெரு துரத்தி, சிக்னலில் லோரியைப் பிடித்தாள்.

லோரிக்காரர் வயதான சீனர். மூச்சிரைக்க மலாயில் அவள் விஷயத்தைச் சொன்னதும், லோரியை ஓரம்கட்டி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அந்தக் கந்தல் மூட்டையை எடுத்தார். அதையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே துழாவி, பாதி நன்றாயிருந்த வேறொரு சீட்டை எடுத்து நீட்டினார். இது பரவாயில்லை, எடுத்துக்கொள், காசு வேண்டாம் என்றார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கந்தலை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

கிளினிக்கில் ஆச்சி காத்திருந்தார். இனி மறைத்துப் பயனில்லை. சந்திரகலா டேப்பைப் பிரித்து, பனியனை உருவினாள். உள்ளே தேன் நிறத் தோல் பளபளத்தது. உண்மை முழுவதையும் சொன்னாள்.

ஆச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் வாங்கினது உனக்கு வேண்டாம்."

சந்திரகலா சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் ஆள் ஏறாத பயிற்சி சைக்கிள் நின்றது. "வேணும் ஆச்சி. அதுல உள்ள சீட்டு கல்லு மாதிரி இருக்குன்னு யாருமே ஏற மாட்டேங்கிறாங்க. உங்க சீட்ட அங்க மாட்டிக்கவா?"

"மாட்டி?"

"மாட்டி, முதல்ல நீங்க ஏறணும். முட்டிக்கு நல்லது."

"நானா? இந்த சேலையோடயா?" ஆச்சி பக்கத்தில் நின்ற யுகேந்திரனைப் பார்த்தார். அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெய்யம்மை ஆச்சி சுடிதாரில் வந்தார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மிதிக்கத் தொடங்கினார். எட்டாவது நிமிடத்தில் சந்திரகலா, "போதும் ஆச்சி, இறங்குங்க" என்றாள்.

"சும்மா இரு லா" என்றார் ஆச்சி, மிதிப்பதை நிறுத்தாமல்.