மூன்றாம் மெஷின் தேறவில்லை

அந்தச் சலவை ஆலையில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள் இல்லை. பதினோரு வருஷம் இஸ்திரி மெஷின் முன்னால் நின்று ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் தள்ளியவள். புரியும்படி பேசுகிறாள் என்று ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவளை மாற்றியிருந்தார்கள். பயிற்சி என்றால் மேல்மாடி அறையில் திரையில் முப்பத்தாறு படம் காட்டி, பத்துக் கேள்வி கேட்டு, கையெழுத்து வாங்குவது. நாற்பது நிமிஷ வேலை.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். மூன்றாம் மெஷினில், இடது பக்கம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வலது பக்கக் கூட்டாளி அடுத்த வண்டி விரிப்பைத் தள்ளிவரப் போயிருந்த நேரம், சுருங்கிய ஓரத்தை நீவிவிடப் போன நாத்தனாரின் வலது கை உருளைக்குள் மாட்டிக்கொண்டது. அலறல் கேட்டு யாரோ ஓடிவந்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

விபத்து அறிக்கையில் மேனேஜர் ஒரே வரிதான் எழுதினார். உரிய பயிற்சி பெற்றும் ஊழியரின் கவனக்குறைவு. கூடவே நாத்தனாரின் பரீட்சைத் தாளை இணைத்திருந்தார். பத்துக்குப் பத்து. கீழே டீச்சரின் கையெழுத்து.

வீட்டில் நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சிவப்பு பட்டன் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள் டீச்சர்.

"தெரியாம என்ன அண்ணி? வலது பக்கத் தூண்ல இருக்கு. நான் நிக்கிறது இடது பக்கம். கை உள்ள மாட்டினப்புறம் உடம்பு எங்க நகரும்? தெரிஞ்சா போதுமா, எட்டணுமே!"

மறுநாள் டீச்சர் அந்த முப்பத்தாறு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே வலது பக்கம் நின்று எடுத்தவை.

அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை அரசாங்க ஆய்வாளர் வர்றாங்க. எண்பத்திரண்டு பேருக்கும் மறுபடி பயிற்சி குடுத்ததா ரிக்கார்டு இருக்கணும்."

"அதே படத்தையா சார்?"

"ஏன், படத்துக்கு என்ன குறைச்சல்?"

"படத்துக்கு ஒரு குறையும் இல்ல சார். கைதான் போச்சு."

மேனேஜரின் முகம் கடுத்தது. மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கற்றுக்கொடுக்கிறேன், தினம் அரை மணி நேரம் மூன்றாம் மெஷினை விட்டுக்கொடுங்கள் என்றாள். அரை நிமிஷம்கூடக் கிடையாது என்றார் அவர்.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மாதானே நிற்கிறது? அன்று மத்தியானமே தொடங்கிவிட்டாள். மெக்கானிக்கிடம் சொல்லி, சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பே நீராவியை அடைத்து உருளையின் சூட்டைத் தணித்திருந்தாள். ஒரு ரப்பர் கையுறைக்குள் கந்தல் துணியைத் திணித்து, விரிப்பின் ஓரத்தில் தைத்திருந்தாள். படம் இல்லை, பேச்சும் அதிகமில்லை.

"இதான் உங்க வலது கை. உள்ள போயிட்டிருக்கு. உங்க சொந்த வலது கையை மேசையை விட்டு எடுக்கக் கூடாது. கூட ஆள் இல்ல. மெஷினை நிறுத்துங்க, பாப்போம்."

முதலில் முன்னால் வந்தவள் சவுண்டு. அவள் பேசினால் நாலு மெஷின் ஓடும் இரைச்சலிலும் கேட்கும். அதனால் அந்தப் பெயர். "இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிரித்துக்கொண்டே இடது பக்கம் போய் நின்றாள். விரிப்பு நகர்ந்தது. இடது கையால் பட்டனை எட்டப் பார்த்தாள். உடம்பை முறுக்கினாள். நடுவில் துணிவண்டி மறித்தது. கையுறை உள்ளே போய், பின்பக்கம் அப்பளமாக வெளியே வந்தது.

சவுண்டு அதை எடுத்துப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.

மூன்று நாள் மத்தியானமும் ஆட்கள் சோற்றுப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தார்கள். வலது பக்கத்திலிருந்து ஏறக்குறைய எல்லோராலும் நிறுத்த முடிந்தது. இடது பக்கத்திலிருந்து ஒருவராலும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை அவரவர் வாயாலேயே சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டாள் டீச்சர்.

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜரின் மேசைமேல் அறிக்கையை வைத்தாள். கடைசி வரியில் அவர் கண் நின்றது. ஆட்களிடம் குறையில்லை. மூன்றாம் மெஷின் தேறவில்லை. மற்ற மூன்றும் அதே அமைப்புதான்.

"மெஷினுக்கு யாரும்மா பரீட்சை வச்சது? மாத்தி எழுதுங்க."

"மாட்டேன் சார்."

"நானே பயிற்சி குடுத்து முடிச்சுக்கறேன். நீங்க இல்லாம வேலை நடக்காதா?"

"குடுங்க. ஆனா கையெழுத்து போட வேண்டியது ஆளுங்க."

அன்று மாலை நாலு மணிக்கு எண்பத்திரண்டு பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, மேனேஜரே படம் ஓட்டினார். முடிந்ததும் கையெழுத்துத் தாள் முதலில் சவுண்டிடம் போனது. அவள் மேலே இருந்ததை உரக்கப் படித்தாள். "மெஷினை நிறுத்தும் முறையை நான் கற்றுக்கொண்டேன்." பிறகு பேனாவை மூடினாள். "எனக்குத்தான் நிறுத்த வரலையே சார். பொய்க்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

தாளைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். வரிசை வரிசையாக எல்லாக் கையும் மாறி அது மேனேஜரிடம் திரும்பி வந்தபோது ஓர் எழுத்துகூட ஏறியிருக்கவில்லை. வேலை போய்விடும் என்று கத்தினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இத்தனை பேரையும் வம்பில் மாட்டிவிட்டோமோ என்று டீச்சர் பயந்தாள். ஆனாலும் தலையைக் குனியவில்லை.

மறுநாள் வந்த ஆய்வாளர் அம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. பயிற்சி ரிக்கார்டைக் கேட்டார். மேனேஜர் மென்று விழுங்கினார். டீச்சர் முன்னால் வந்து, "கீழ வாங்க மேடம், ரெண்டு நிமிஷம் போதும்" என்றாள்.

ஆறிக் கிடந்த மூன்றாம் மெஷினில் புதுக் கையுறை ஒன்று தயாராக இருந்தது.

"யார் நிக்கணும்?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"சாரே நிக்கட்டும்."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். வேறு வழியில்லாமல் இடது பக்கம் போய் நின்றார். விரிப்பு நகர்ந்தது. இரண்டு நொடிகூடத் தாங்கவில்லை. மேசையிலிருந்து வலது கையை எடுத்துவிட்டுப் பட்டனை நோக்கிப் பாய்ந்தார்.

"கையை எடுக்கக் கூடாது சார்," என்றாள் டீச்சர். "அது உள்ள மாட்டியிருக்கு."

அவர் அப்படியே நின்றுவிட்டார். கையுறை நசுங்கி வெளியே வந்தது.

நான்கு மெஷின்களும் அன்றே நின்றன. ஒன்பது நாள் கழித்து அவை மறுபடி ஓடியபோது, முன்பக்கம் முழுக்க முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புத் தடி வந்திருந்தது. எங்கே நின்றாலும் காலால் இடித்தால் மெஷின் நின்றுவிடும். ஒரே ஒரு மத்தியானத்தில் எண்பத்திரண்டு பேரும் தேறினார்கள். விபத்து அறிக்கையிலிருந்த கவனக்குறைவு என்ற வார்த்தையை அடிக்கும்வரை டீச்சர் ஆய்வாளர் அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்தாள். அடிக்கவும் வைத்தாள்.

மேனேஜர் சும்மா விடவில்லை. உத்தரவை மீறி மெஷினை இயக்கியதாக மெமோ கொடுத்தார். பயிற்சி வேலையைப் பிடுங்கி, பழையபடி இஸ்திரிக்கே அனுப்பினார். மெமோவைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட டீச்சர், அதற்குக் கீழே, "திரும்பவும் செய்வேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் முன்னால் துணி காயவைக்கும் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"டீச்சர், பஞ்சு வழிக்க நாங்க டிரையர் உள்ளயே ஏறிப் போறோம். கதவு தானா சாத்திக்கிட்டா உள்ள இருந்து திறக்க முடியுமான்னு இதுவரைக்கும் யாரும் பாக்கல."

"உங்களுக்கு நான் இப்ப டீச்சர் இல்லையே."

"அது மேனேஜர் சொன்னது. நாங்க சொல்லலையே."

டீச்சர் பாத்திரத்தை மூடினாள். "முதல்ல மெயின் சுவிட்சை அணைங்க. ஒருத்தர் அங்கேயே நில்லுங்க," என்று சொல்லிக்கொண்டே எழுந்து கை கழுவப் போனாள்.