கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அன்றைக்கு மூன்று பள்ளிக்கூடங்கள் ஒரே நேரத்தில் வந்து இறங்கியிருந்தன. அருங்காட்சியகத்தின் முன்கூடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. பைகள் வைக்கும் அறையில் இடமில்லை. தண்ணீர் பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றதற்கு ஒரு வாத்தியார் என்னோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தேன். பார்வையாளர் பிரிவுக்குத் தலைவி என்று சொன்னால் கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். கதவு திறந்ததிலிருந்து மூடுகிறவரை பல்லைக் காட்டுவதுதான் அந்த வேலை. அவருக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அடிவயிற்றில் ஏதோ கழன்றுகொண்டது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். என் காலடியில் பளிங்குத் தரை நனைந்திருந்தது. எனக்கு அப்போது ஆறாம் மாதம்.

எங்கள் இடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வாக்கிடாக்கியில் யாரும் பதறக் கூடாது. ஒரு மூலையில் புகை வந்தாலும் சரி, யாராவது மயங்கி விழுந்தாலும் சரி, கூட்டத்தின் காதில் விழுகிற மாதிரி அதைச் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், வாசலில் ஒருவரையொருவர் மிதித்தே சாவார்கள். அதனால் தலை போகிற விஷயத்தையும் கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில்தான் சொல்வோம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். அந்தப் பழக்கம் நாக்கில் ஏறி உட்கார்ந்திருந்தது. கருவியை வாயருகே கொண்டுபோய், "தகவல் மேசைக்குப் பக்கத்துல தரை ஈரமா இருக்கு. கொஞ்சம் வர முடியுமா?" என்றேன்.

மறுமுனையில் என் கணவர். காவலும் கட்டடப் பராமரிப்பும் அவர் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். பழைய துணிகளை வைத்திருக்கும் கூடத்தில் ஈரப்பதம் ஏறிவிட்டதென்று குளிர்சாதன அறைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாராம். "சரி, ஆள் அனுப்புறேன்" என்றார்.

ஆள் வந்தது. துப்புரவுப் பிரிவின் பெரியக்கா, ஒரு கையில் மாப்பு, மறு கையில் மஞ்சள் பலகை. தரை வழுக்கும் என்று எழுதிய அந்தப் பலகையை என் கால்மாட்டில் விரித்து நிறுத்திவிட்டு, வேலையைத் தொடங்குவதற்கு முன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மாப்பு கீழே விழுந்தது. "அடிப்பாவி, இதையா அப்படிச் சொன்னே?" என்று என்னை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு, விஷயம் தெரிந்து என் கணவர் ஓடி வந்தார். கூடங்களில் ஓடக் கூடாது என்று ஊருக்கே உபதேசம் செய்கிற மனிதர், சாவிகள் குலுங்கக் குலுங்க ஓடி வந்ததைப் பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பெண் குழந்தை. என் கையை விரித்தால் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவு நீளம். தோல் சிவந்து, வெங்காயத்தின் உள்தோலைப் போல மெல்லிசாக, உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. இதற்கு முன் இரண்டு தடவை எனக்குத் தங்கவில்லை. வெளியே வந்து ஒரு சத்தமாவது போட்டவள் இவள்தான். அதுவும் பூனைக்குட்டி தும்மினது போல ஒரு சத்தம். அவளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய், காலில் ஊசி, மார்பில் ஒட்டிய கம்பிகள் என்று என்னென்னவோ பூட்டினார்கள்.

தையல் வலியோடு சக்கர நாற்காலியில் நான் முதன்முதலாக அந்த அறைக்குப் போனபோது அவர் அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தார். என் பயமெல்லாம், இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார் என்பதுதான். ஆனால் அவர் முகம் தெளிவாக இருந்தது. பெட்டிக்குள் எத்தனை டிகிரி, ஈரப்பதம் எவ்வளவு, எவ்வளவுக்குக் கீழே போனால் மணி அடிக்கும், மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும், எல்லாவற்றையும் சிஸ்டரிடம் கேட்டு வைத்திருந்தார். மேலேயிருந்து வரும் ஏசி காற்று நேரே பெட்டியின் மேல் படுகிறது என்று கண்டுபிடித்து, ஏணியை வரவழைத்து, காற்றை வேறு பக்கம் திருப்பவும் வைத்துவிட்டார். எங்கே போனாலும் இவர் பார்வை கூரைக்குத்தான் முதலில் போகும். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, காபி கொண்டுவந்த என் அம்மாவிடம் வணக்கம்கூடச் சொல்லாமல், "அந்த மூலையில கசிவு இருக்கே" என்றவர். அம்மா அன்றைக்கே, "இவன் வீட்டைத்தான் கட்டிக்க வந்திருக்கான், உன்னை இல்ல" என்றாள்.

கண்ணாடிப் பெட்டி அவருக்குத் தெரிந்த உலகம். வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றும் சரியாக இருந்தால் எதுவும் அழியாது என்பதுதான் இத்தனை வருஷம் அவர் கண்டது. அதோடு நாலாவது ஒன்று: யாரும் தொடக் கூடாது.

பெட்டியின் பக்கவாட்டில் கையை விடுவதற்கு வட்டமாக இரண்டு சின்னக் கதவுகள் உண்டு. முதல் நாளே சிஸ்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முழங்கை வரை கழுவ வேண்டும். தடவக் கூடாது, தட்டக் கூடாது, கையைச் சும்மா அவள்மேல் வைத்திருந்தால் போதும். நான் வைத்தேன். படங்களில் காட்டுகிற மாதிரி அவள் என் விரலையெல்லாம் பிடித்துக்கொள்ளவில்லை. என் கை அவள் முதுகில் இருக்கும்போது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. வயிற்றுக்குள் இருந்தவரை நான் தொடாமலா இருந்தேன் என்று தோன்றியது.

"நீங்களும் வைங்க சார். அப்பா கையும் அவளுக்குத் தெரியட்டும்" என்றாள் சிஸ்டர்.

"இன்னும் கொஞ்சம் தேறட்டும்" என்றார் அவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றார். காவலாளிகளை அவர் கூடங்களில் நிறுத்துகிற அதே நிற்பு. சொல்லி வைத்தாற்போல் தினமும் அதே இடம், அதே பதில். சிஸ்டருக்குச் சிரிப்பு. எனக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் சங்கடம், அப்புறம் எரிச்சல்.

ஒருநாள் தாழ்வாரத்தில் வைத்துக் கேட்டேவிட்டேன். "பெத்த பொண்ணைத் தொட உங்களுக்கு என்ன பயம்?"

"பயமில்ல. கை படப் படக் கருங்கல்லே தேயுது. நம்ம மியூசியம் வாசல் சிங்கத்தோட மூக்கு எங்க போச்சு? ஆளாளுக்குத் தொட்டுத்தானே போச்சு?"

"இவ என்ன கல்லா?"

"கல்லா இருந்தா நான் ஏன் இவ்ளோ கவலைப்படறேன்?" என்றார். அத்தோடு விட்டிருக்க வேண்டும். நானா விடுவேன்? "உங்களுக்குப் பொண்ணு வேண்டாம், காட்சிக்கு வைக்க ஒரு பொருள்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். சொன்னது தப்பு என்று கதவைத் தாண்டும்போதே தெரிந்தது. ஆனாலும் திரும்பிப் போய்ச் சமாதானம் சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நல்ல நாட்கள் சில வந்தன. அவள் எடை கொஞ்சம் ஏறியது. குழாய் வழியாகப் போன பாலைக் கக்காமல் வைத்துக்கொண்டாள். பெரியக்கா ஒரு மத்தியானம் வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "மூக்கு அப்பன் மூக்கு, கோபம் ஆத்தா கோபம்" என்று தீர்ப்புச் சொன்னாள். முகத்தில் எங்கே கோபத்தைக் கண்டாளோ! அவர்கூட அன்றைக்குச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்பது போய், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் நான்தான் முதல்ல தூக்குவேன், பாத்துக்கோ" என்றார். நானும் மனதுக்குள் தொட்டில் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. அருங்காட்சியகத்தின் நிலவறையில் தண்ணீர் ஏறுகிறது என்று தகவல் வந்தது. பார்வைக்கு வைக்காத பொருட்கள் எல்லாம் அங்கேதான். அவர் போகத்தான் வேண்டும், வேறு யாருக்கும் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது. அவர் போன அன்று காலையில் குழந்தை சோர்ந்து கிடந்தாள். நிறம் ஒரு மாதிரி சாம்பல் பூத்திருந்தது. மணி அடித்தது, நிறுத்தினார்கள், மறுபடி அடித்தது. டாக்டரம்மா வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. டாக்டரம்மா எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது, மருந்து கொடுக்கிறோம், ஆனால் உடம்பு தாங்குகிற மாதிரி தெரியவில்லை என்றார். கிருமி என்ற சொல் வந்ததும் என் கணவரின் பார்வை இறங்கியது. என் கைகளைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன்.

அந்த ஒரு நொடியில் அவரை நான் வெறுத்ததுபோல் வேறு யாரையும் வெறுத்ததில்லை. அதைவிட மோசம், நானும் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். ஒழுங்காகக் கழுவினேனா, நகத்துக்குள் ஏதாவது இருந்ததா, வளையலைக் கழற்றினேனா என்று மனம் கிடந்து அலைந்தது.

"டாக்டர், நான் தொட்டதாலயா?" என்று அவர் முன்னாலேயே கேட்டேன்.

"இல்லம்மா. இவ்வளவு சின்னதுகளுக்குத் தோலே வேலி கிடையாது. குழாய், ஊசி எது வழியாவும் ஏறும். சில சமயம் வயித்துலயே ஆரம்பிச்சிடும். நீங்க கை வைக்காம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். உறுதி செய்துகொள்வதுபோல், "கை வைக்காம இருந்தாலும் வந்திருக்குமா?" என்று அவராகவே கேட்டார். டாக்டரம்மா ஆமாம் என்றார். அவர் சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கால் சேறு தரையெல்லாம் ஆனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பகல் மழை விட்டு வெயில் அடித்தது. இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் ஒரு மூலையில் திரை போட்டு, நாற்காலி இரண்டு கொண்டுவந்து வைத்தாள். கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் மூக்குக் குழாயையும் எடுத்தாள். எதுவும் மறைக்காத என் குழந்தையின் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தேன். பெரியக்கா சொன்னது சரிதான், அப்பா மூக்கேதான். சிஸ்டர் அவளை ஒரு துணியில் சுற்றி என் மடியில் வைத்தாள். மூச்சு இருந்தது. விட்டுவிட்டு, யோசித்து யோசித்து வந்தது.

"ரொம்ப நேரம் இருக்காதும்மா. சார், நீங்களும் கிட்ட வாங்க."

அவர் எழுந்தார். எழுந்து மறுபக்கம் போனார். ஓடுகிறாரே பாவி, இப்போதும் ஓடுகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது. அவர் போனது கைகழுவும் தொட்டிக்கு. திரை இடுக்கு வழியாகத் தெரிந்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். இடுப்புச் சாவிக் கொத்தைக் கழற்றிக் கீழே வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சோப்பு போட்டார். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுவினார்.

சிஸ்டர் போய், "சார், இனிமே அதெல்லாம் தேவையில்ல. வாங்க" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு இன்னொரு தடவை சோப்பு போட்டார். எனக்கு, வாங்க, சீக்கிரம் வாங்க என்று கத்த வேண்டும் போலிருந்தது. "ஏங்க" என்று மட்டும் வந்தது.

வந்தார். எதிலும் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. என் முன்னால் தரையில் மண்டியிட்டு, ஒரே ஒரு விரலால் அவள் நெற்றியைத் தொட்டார். அவள் முகம் லேசாகச் சுருங்கியது.

"கை ஜில்லுனு இருக்கு. அவளுக்குக் குளிருது" என்றார். வெடுக்கென்று விரலை எடுத்து, இரண்டு கைகளையும் தன் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டார். "இரும்மா, இரு. சூடாகட்டும்."

நான் அவளை அவர் பக்கமாகக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.