திருப்பி வைத்த பக்கங்கள்

ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கினால் போதும் என்று அவள் அறிவித்தாள். மாமனார் பேப்பரை மடித்துவிட்டு, "யாரு, நானா?" என்று கேட்டார்.

"நான்தான் மாமா. பதினொண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும். அப்புறம் மத்தியானம் கடையில இருபது நிமிஷம், சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் இருபது நிமிஷம். மிச்சம் பிடிக்கிற நேரமெல்லாம் படிப்புக்கு."

இப்படித் துண்டு துண்டாகத் தூங்கியே மூன்று மொழி கற்றுக்கொண்டதாக யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தான். அந்தப் புண்ணியவானுக்குச் சமைத்துப் போட்டது யார் என்று அவன் எழுதவில்லை. அவளுக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பதினாறு வருடமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத் தேய்த்துத் தேய்த்து, அந்தச் சீட்டைத் தானே எழுத வேண்டும் என்ற ஆசை மண்டைக்குள் ஏறிவிட்டது. கண் பரிசோதகர் தேர்வு எழுத நாற்பது வயது எல்லை. அவளுக்கு இப்போது நாற்பது. இந்த முறை விட்டால் விட்டதுதான். புத்தகம் நானூற்று எண்பது பக்கம், கையில் இருந்தது நாற்பது நாள். தினம் பன்னிரண்டு பக்கம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

முதல் வாரம் எப்படியோ ஓடிவிட்டது. கண் எரிந்தது, தலை கனத்தது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள், நின்றுகொண்டே படித்தாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பிறவியில்லை அவள். கடையில் 'ஆந்தை' என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போங்கள் என்று இருந்துவிட்டாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து, காலை ஐந்து மணிக்குக் கணவர் வந்து தோளைத் தொடும்போது, அன்றைய பன்னிரண்டாம் பக்கம் கண் முன்னால் திறந்திருக்கும்.

"கொஞ்சம் கண் அசந்துட்டேன் போலிருக்கு."

"அதான் முடிச்சுட்டியே, அப்புறம் என்ன" என்பார் அவர். அந்த ஒரு வார்த்தை போதும், அவளுக்குப் பத்து ஆள் பலம் வந்துவிடும். எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

இருபதாம் நாள் மத்தியானம் கடைக்காரர் ஒரு பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். முதல் ஐந்துக்கும் அவள் டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"சர்க்கரை நோய்க்காரங்க விழித்திரையில முதல்ல என்ன தெரியும்?"

அவள் விழித்தாள். "படிச்சுட்டேன் சார். போன வாரம்தான். ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

"மறந்தவங்க தலையைச் சொறிவாங்கம்மா. நீ கேள்வியே படாத மாதிரி முழிக்கிறே."

சுருக்கென்றது. அன்று சாயந்திரம் படுக்காமல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். பென்சிலால் வரிக்கு வரி அடிக்கோடு போடாமல் அவளுக்குப் படிக்க வராது; பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. முதல் வாரத்துப் பக்கங்கள் எல்லாம் கோடும் கிறுக்கலுமாக இருந்தன. அதற்குப் பிறகு, ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கம் கோடு, பத்துப் பக்கம் கடையில் வாங்கியபடி. எண்ணிப் பார்த்தாள். இருநூற்று நாற்பதில் நூற்று முப்பது பக்கம் அவள் தொடாதது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையோடு உள்ளே வந்தவர் முன்னால் புத்தகத்தை நீட்டினாள்.

"இதை யாருங்க திருப்பி வெச்சது?"

அவர் பொய் சொல்லவில்லை. "நான்தான். ரெண்டரைக்கெல்லாம் மேஜையில சாஞ்சுடறே. எழுப்ப மனசு வரலை. படிக்கலைன்னு தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவியேன்னு, பன்னெண்டு பக்கம் எண்ணித் திருப்பி வெச்சுட்டு எழுப்பினேன்."

"தினமுமா?"

"பதிமூணு நாளா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அன்பு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எதிராளிகூட அவளுடைய தேர்வை இவ்வளவு பொறுப்பாகக் கெடுத்திருக்க மாட்டான்.

"ரெண்டரைக்கு எழுப்பப் பாவமா இருந்துச்சு, சரி. அஞ்சு மணிக்கு எழுப்பி அடுப்படிக்கு அனுப்பினீங்களே, அப்போ பாவமா இல்லையா?"

அவர் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமனார் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவள் சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். ராத்திரி பத்திலிருந்து ஐந்து வரை தூக்கம், முழுசாக. காலை ஐந்திலிருந்து ஏழு, சாயந்திரம் ஏழிலிருந்து பத்து, படிப்பு. மிச்சம் முந்நூற்று எழுபது பக்கம், இருபது நாள், தினம் பத்தொன்பது. சமையல், பாத்திரம், துணி என்று எழுதிய இடத்தில் கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் எழுதினாள்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்றார் கணவர்.

"எனக்கும்தான் தெரியாது, இந்த வீட்டுக்கு வந்தப்போ." அட்டவணையை ஒட்டி அழுத்தித் தேய்த்தாள். "தூக்கத்துல ஏன் கை வெச்சேன் தெரியுமா? இந்த வீட்டுல யாரையும் கேக்காம நான் எடுத்துக்கக்கூடியது அது ஒண்ணுதான்."

அன்று பத்து மணிக்குப் படுத்தவள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

காலை ஆறு மணி. விழித்திரைப் பாடத்தில் எட்டாவது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. படித்தது படித்தபடி மண்டையில் ஏறிற்று. அடுப்படியில் ஒரு மூடி விழுந்து உருண்டது.

"உப்பு எந்த டப்பாவுல இருக்கு?" கணவரின் குரல்.

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அவளைக் கூப்பிடாதேடா. தேடு" என்றார் மாமனார்.

கொஞ்ச நேரத்தில் தீய்கிற வாசனை வந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், கால் தானாக எழுந்து நின்றுவிட்டது. எழுந்ததுதான் எழுந்தோம் என்று போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏழு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.