ஸ்டக்கியின் அலுமினிய அரை டாலர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. ஏல மண்டபத்தில் முதலில் சிரித்தது யார் என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். அன்று அங்கே இருந்த நான் நாலாவது விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆரின் ஸ்டக்கியைக் கேட்டால், யாருமே சிரிக்கவில்லை என்பார்.

ஆரின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் முப்பத்தோரு வருடம் மாட்டிறைச்சிக்குத் தரம் போட்டவர். குளிரறையில் கொக்கியில் தொங்கி வரும் உடலை ஒரு பார்வை பார்ப்பார். கொழுப்பு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கண் சொல்லிவிடும், கையிலிருக்கும் முத்திரை இறங்கிவிடும். அவர் போட்ட தரத்தை எதிர்த்து எந்தக் கசாப்பு முதலாளியும் ஜெயித்ததில்லை. அப்பேர்ப்பட்டவரின் காசுக்கு, முகம் தெரியாத யாரோ மூன்று பேர் எங்கோ ஒரு தரச்சான்று நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு தரம் போட்டிருந்தார்கள். எழுபதுக்கு அறுபத்து நாலு என்று சீட்டில் எழுதி, காசோடு சேர்த்துப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துவிட்டார்கள்.

காசு 1871-ஆம் வருடத்தது. அரசாங்க நாணயச் சாலையில் மாதிரிக்காக அலுமினியத்தில் அடித்துப் பார்த்த அரை டாலர். அதில் சுதந்திர தேவி உட்கார்ந்திருக்கிறாள். பல் டாக்டரின் முன்னறையில் தன் முறைக்குக் காத்திருப்பவளின் முகம் அவளுக்கு. மேலதிகாரிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். அவர்கள் சரி என்றிருந்தால் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியிருப்பார்கள், இன்றைக்கு நாற்பது டாலருக்குக் கிடைக்கும். வேண்டாம் என்றதால்தான் விலை. ஒரு துண்டு ரொட்டிகூட வாங்கியிராத காசு அது. உதவாது என்று அரசாங்கமே சொல்லிவிட்ட பொருளுக்கு வீட்டை அடகு வைக்கத் தயாராக நாடு முழுக்க ஒரு முந்நூறு பேர் இருக்கிறார்கள். அந்த முந்நூறு பேரும், ஆரினிடம் இருப்பதைத் தவிர இன்னொன்று கிடையாது என்று நம்பினார்கள்.

ஆரினின் மனைவி வெர்னாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. படுக்கையறை மாடியில், துணி துவைக்கும் இயந்திரம் நிலவறையில். மேலே பதினான்கு படி, கீழே பதினொன்று. லிங்கன் நகரில் அவள் தங்கை ஆர்டாவின் தெருவில், படியே இல்லாத ஒற்றைத் தள வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அடுத்த வருடம் செப்டம்பர் வரை வேறு யாருக்கும் தருவதில்லை என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். இருக்கிற வீட்டை விற்றாலும் இன்னும் ஐம்பதாயிரம் டாலர் வேண்டியிருந்தது. காசை விற்றுவிடுவதாக ஆரினும் ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒமாஹா நாணயச் சங்கத்தின் செயலாளர் லைல் ஹட்ச்கிராஃப்ட். வயலுக்கு நீர் பாய்ச்சும் இயந்திரங்களை விற்று ஓய்வுபெற்றவர். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லோரும் மிளகாய்க் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தபோது அவர் பேச்சை எடுத்தார்.

"ஐம்பதாயிரம் தர்றேன் ஆரின். நாளைக்கே செக். வெர்னா படியேறி சாக வேண்டாம்."

"அது அறுபத்து நாலோட விலை. என்னுது அறுபத்தாறு."

"டப்பாவுல அறுபத்து நாலுன்னுதானப்பா போட்டிருக்கு."

"டப்பாவுக்குக் கண்ணு இருக்கா?"

"உனக்கு இருக்கே, புரை விழுந்ததா ரெண்டு."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் அவள், "ஐம்பது போதுமே" என்றாள். அறுபத்தாறு என்று வந்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்றார் ஆரின். இறைச்சியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே முத்திரை குத்தியிருப்பேன் என்றும் சொன்னார். அதன் பிறகு வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவர்களுக்கு நாற்பத்து மூன்று வருடப் பழக்கம்.

மறுநாள் கார் ஷெட்டில் ஆரின் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைத் துண்டில் சுற்றி இடுக்கியில் வைத்து இறுக்கினார். டப்பா முறிந்தது. பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு காசை விளிம்பில் பிடித்து எடுத்தார். அதை வெறும் காசாக அதே நிறுவனத்துக்கு மறுபடி அனுப்பினார். சேகரிப்பவர்களில் பாதிப் பேர் செய்கிற வேலைதான் இது. பார்ப்பவரின் காலை உணவு ஒத்துக்கொண்ட நாளாக இருந்தால் ஒரு மதிப்பெண் கூட விழும்.

இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. உடைத்த டப்பாவுக்குள் இருக்கும் சீட்டை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அனுப்பினால்தான் எத்தனை காசு உலகத்தில் உண்டு என்ற பட்டியலிலிருந்து பழைய பதிவை அடிப்பார்கள். ஆரின் அனுப்பவில்லை. வெண்ணெய் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைத்தார். அறுபத்தாறு வருகிற அன்று எல்லாச் சீட்டையும் அவர்கள் மேசைமேல் கொட்டி, "இதுக்குப் பேரா கண்ணு?" என்று கேட்பதாக அவருக்கு ஒரு கனவு இருந்தது.

இரண்டாவது தடவையும் அறுபத்து நாலு. மூன்றாவது தடவை அறுபத்தைந்து. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? மறுபடி இடுக்கி, மறுபடி துண்டு. அறுபத்து நாலு. பிறகு அறுபத்து மூன்று; அன்று முழுக்க ஆரின் சாப்பிடவில்லை. பிறகு மறுபடி அறுபத்தைந்து. ஒவ்வொரு தடவையும் பார்சலைத் தபால் அலுவலகத்துக்குக் கொண்டு போனது வெர்னா. அங்கே இருந்த பெண்ணோடு ஆரின் காப்பீட்டுத் தொகை விஷயமாகச் சண்டை போட்டிருந்ததால் உள்ளே நுழைய மாட்டார். வெளியே காரில் உட்கார்ந்திருப்பார். தபால் அலுவலகத்துக்கும் ஒன்பது படி.

ஏழாவது தடவை அறுபத்தாறு வந்தது.

ஆரின் அந்த டப்பாவைச் சமையலறை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் சொன்னேன்ல" என்றார். "சொன்னே" என்றாள் வெர்னா. ஆகஸ்டில் சிகாகோ பக்கம் நடக்கும் பெரிய நாணயக் கண்காட்சியின் ஏலத்துக்குக் காசை அனுப்பி, கையெழுத்தும் போட்டாயிற்று.

ஜூலையில் ஏலப் புத்தகம் தபாலில் வந்தது. ஆரின் நின்றபடியே பிரித்தார். படம் நன்றாக இருந்தது. படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தது: ஒரு காலத்தில் ஒன்றே ஒன்று என்று கருதப்பட்ட காசு, அண்மையில் அடுத்தடுத்து வெளிவந்து, இன்று தரச் சான்று பெற்றவை ஏழு, அவற்றுள் இதுவே சிறந்தது, இன்னும் வரக்கூடும். எதிர்பார்க்கும் விலை: இருபதாயிரம்.

ஆரின் உட்கார்ந்தார். யாரோ புதையல் எடுத்திருக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

சிகாகோ போய்ச் சேர்ந்ததும் வெர்னாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அறுநூறு மேசை போட்ட கூடத்தில் மேசை மேசையாக அலைந்தார். "1871, அலுமினியம், அரை டாலர். இருக்கா? என்ன விலைன்னாலும் எடுத்துக்கறேன்." யாரிடமும் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்ல எந்த வியாபாரிக்கு மனம் வரும்? பாஸ்டன்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஃபிலடெல்ஃபியாவில் ஏதோ பீரோ இழுப்பறையில் காகிதத்தில் சுற்றிய ஒரு சுருள் காசு அகப்பட்டதாகக் கேள்வி என்றார். மதியத்துக்குள் அந்தப் பேச்சில் சுருள் ஒரு பை நிறையக் காசாகிவிட்டது. மூன்று மணிக்குக் கூடத்தின் மறுகோடியில் இருந்த ஒருவர் ஆரினையே மடக்கிச் சொன்னார்.

"நேத்தே வாங்கியிருக்கணும் சார் நீங்க. எவனோ ஒரு நெப்ராஸ்காக்காரன் பதறிப்போய் கிடைச்சதையெல்லாம் வாங்கிக் குவிக்கிறானாம்."

"நெப்ராஸ்காவா? யார் அவன்?"

"பேர் தெரியல. வயசான ஆளாம்."

ஆரினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒமாஹாவிலிருந்து லைலும் அங்கே வந்திருந்தார். ஆரின் நேரே போய், மேசையில் குனிந்து பூதக்கண்ணாடி பிடித்திருந்த லைலின் தோளைத் தட்டினார்.

"எத்தனை வச்சிருக்க?"

"என்னத்தை?"

"நடிக்காத லைல். ஆறையும் நீதான் அமுக்கி வச்சிருக்க. என் காசோட விலையை இறக்கிட்டு அதையும் அடிக்கலாம்னு பாக்குற."

லைல் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, காலையில மாத்திரை போட்டியா இல்லையா?" என்றவர், கொஞ்சம் இரக்கத்தோடு, "புத்தகம் எழுதினது அந்தக் கிரெட்சன் பொண்ணுதான். அவளைப் போய்க் கேளு" என்றார்.

ஏலக் கம்பெனியின் மேசையில் கிரெட்சன் பெல் இருந்தாள். நாற்பது வயது, எதற்கும் சத்தம் போடாத பெண். வெர்னாவும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். கிரெட்சன் பட்டியலைக் கணினியில் திறந்து, ஒவ்வொரு பதிவும் ஏறிய தேதியோடு அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஏழும் ஒரே நிறுவனத்து சான்றுதான், ஸ்டக்கி சார். முதல் அறுபத்து நாலு ரொம்பப் பழசு. மத்ததெல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள. மார்ச்சுல ஒண்ணு, ஜூன்ல ஒண்ணு…"

"பாத்தியா, ரெண்டே வருஷத்துல. புதையல்தான்" என்றார் ஆரின்.

வெர்னா திரைக்கு அருகே குனிந்தாள். விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"இந்த மார்ச்சு, எனக்கு முட்டியில ஊசி போட்டதுக்கு அடுத்த வாரம். ஜூன், ஆர்டா பொறந்த நாளுக்கு நாம லிங்கன் போன வாரம். நவம்பர்ல பனி, அந்தப் படியில வழுக்கி விழுந்தேன்." அவள் நிமிர்ந்தாள். "ஆரின், இந்த ஏழும் நீதான்."

கிரெட்சன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, பார்க்காதவள் போல வேறெதையோ தட்டச்சு செய்தாள். பிறகு மெல்ல, "பழைய சீட்டெல்லாம் திருப்பி அனுப்பினீங்களா?" என்று கேட்டாள். ஆரின், காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். புத்தகம் அச்சான பிறகு காசைத் திரும்ப எடுக்க வழியில்லை என்றாள் அவள். வேண்டுமானால் ஏலத்தில் அந்தக் காசின் வரிசை எண் வரும்போது மண்டபத்தில் திருத்தம் சொல்லலாம். சொல்ல வேண்டியது காசுக்குச் சொந்தக்காரர்.

ஏலத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. மண்டபத்துக்கு வெளியே இருவரும் காகிதக் கோப்பைகளில் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பளத்தின் மேல் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். காபி ஆறியது.

"எழுந்து சொல்லிடு" என்றாள் வெர்னா.

"சொன்னா, ஆறு தடவை அவங்க வேற போட்டாங்கன்னும் சொல்லணும்."

"ஆமா."

"அறுபத்தாறு போயிடும் வெர்னா."

"வீடு போயிடும் ஆரின்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருபதாயிரம் என்றால் லிங்கன் வீடு இல்லை. அது அவருக்குத் தெரியும். ஆனால் உள்ளே இன்னொன்று உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. புத்தகத்தில் "அவற்றுள் இதுவே சிறந்தது" என்று அச்சாகியிருந்தது. ஏழில் சிறந்தது. உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் எதைவிடச் சிறந்தது என்று சொல்வார்கள்? இல்லாத அந்த ஆறு காசுகள்மேல் அவருக்கு ஒரு பாசமே வந்திருந்தது. இந்த நினைப்பு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் வந்ததே தவிர நினைப்பு போகவில்லை.

மண்டபத்தில் எண் வந்தது. திரையில் காசு ஆளுயரத்துக்கு எழுந்தது. ஏலக்காரர் வழக்கம்போல, "இந்த எண்ணுக்குத் திருத்தம் ஏதாச்சும் உண்டா?" என்றார். ஆரின் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏலக்காரர் இரண்டு விநாடி பொறுத்துவிட்டுச் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

வெர்னா எழுந்தாள். எழுவதற்கே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அந்த ஏழும் ஒண்ணுதாங்க. எங்க வீட்டுக்காரர் உடைச்சு உடைச்சுத் திரும்பத் திரும்ப அனுப்பினது. தபாலாபீஸ் படி ஏறினவ நான்."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து லைல், "சீட்டெல்லாம் எங்கம்மா?" என்று குரல் கொடுத்தார்.

"பிஸ்கட் டின்னுல."

அதன் பிறகு மண்டபமே சிரித்தது. தொலைபேசியில் ஏலம் கேட்பவர்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொன்ன பெண்களும் சொல்லிக்கொண்டே சிரித்தார்கள். ஏலக்காரர் கையை உயர்த்தி அடக்கினார். "காசு உங்களுதுதானே சார்? அம்மா சொல்றது உண்மையா?"

முந்நூறு முகங்கள் திரும்பின. ஆரின் வெர்னாவைப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"உண்மைதான்" என்றார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "ஆனா அது அறுபத்தாறுதான்."

விலை பதினைந்தாயிரத்தில் தொடங்கியது. ஒன்றே ஒன்று என்று தெரிந்ததும் ஏறியது. ஏழு தடவை சூதாடிப் பெற்ற அறுபத்தாறு என்றும் தெரிந்துவிட்டதால் ஓரிடத்தில் நின்றது. நாற்பத்தாறாயிரத்துக்கு லைல் ஹட்ச்கிராஃப்ட் எடுத்தார்.

கம்பெனியின் பங்கு போக ஆரினுக்கு நாற்பத்தோராயிரத்து நானூறு வந்தது. ஐம்பதுக்குக் குறைந்ததை ஈடுகட்ட, மீதியிருந்த தன் சேகரிப்பு முழுவதையும் அந்த மாதமே சங்கத்தாருக்கு விற்றார். ஆறு சீட்டும் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பட்டியலில் இப்போது ஒன்று என்றுதான் இருக்கிறது. வெர்னா லிங்கனில் தங்கையின் தெருவில் இருக்கிறாள். ஒரு முழங்காலுக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று, மற்றது வசந்தத்தில். ஆரினும் அங்கேதான். நாணயச் சங்கத்துக்குப் போவதில்லை. கிரெட்சன் பெல் இன்னும் ஏலப் புத்தகம் எழுதுகிறாள். லைல் மறு வருடம், அறுபத்தேழு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் டப்பாவை உடைத்துக் காசை அனுப்பினார். அறுபத்து நாலு வந்தது. சீட்டை அன்றே திருப்பி அனுப்பிவிட்டார். ஆரினிடம் இதை யாரும் சொல்லவில்லை.