பெயிண்ட் டப்பா காத்த இடம்

வாசலில் தெருவோரம் நின்ற காரை எடுத்ததும் இறங்கி, வேறு யாரும் வண்டி நிறுத்தாதபடி, சிமெண்ட் கொட்டிக் கம்பி நட்ட பெயிண்ட் டப்பாவை அந்த இடத்தில் இழுத்து வைத்தார் குணசேகரன். அண்ணனூரில் அவர்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு டப்பா உண்டு. டப்பா வைத்தவருக்கே இடம் சொந்தம் என்பது அங்கே எழுதாத சட்டம்.

மனைவி பத்மா தினமும் நடக்காவிட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டித்திருந்தார். தெருவின் இரு பக்கமும் கார்கள். நடுவே நடந்தால் ஷேர் ஆட்டோ உரசுகிறது. அதனால் நடப்பதற்காக அவளைக் காரில் பூங்காவுக்கு அழைத்துப் போனார். கூத்துதான், வேறென்ன! தெருவில் நடைபாதை போடுவது பற்றிக் கவுன்சிலர் அன்று மாலை கூட்டம் வைத்திருந்தார். கார் நிறுத்த இடம் போய்விடும் என்று எதிர்த்துப் பேசப்போவதும் இதே குணசேகரன்தான்.

வழியில் ஆவடித் தொழிற்சாலை வாசல் வந்தது. அவர் வேலை பார்த்த காலத்தில் சங்கு ஊதினால் சாலை முழுக்க சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்மாவைக் கேரியரில் உட்காரவைத்துத் திருவேற்காடு கோயிலுக்கு மிதிப்பார். மேடு வந்தால் அவள் இறங்கிக் கதை பேசிக்கொண்டே கூட நடப்பாள். அந்தப் பேச்சுக்காகவே அவரும் இறங்கித் தள்ளுவார்.

பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்தும் கார் நிறுத்த இடமில்லை. அங்கேயும் வாசலுக்கு வாசல் டப்பா. ஒரு வீட்டுக்காரர் வந்து விரட்டவே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரோடு இன்னா அவன் அப்பன் ஊட்டு சொத்தா?"

பத்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "நம்ம டப்பாவ பாத்தும் இப்படித்தான் கேட்டுகினு போயிருப்பாங்க."

அவர் வண்டியைத் திருப்பினார். பத்மா ஓர் அடிகூட நடக்காமலே வீடு திரும்பினார்கள்.

மாலைக் கூட்டத்தில் எல்லோரும் அவர் எதிர்ப்பார் என்றே காத்திருந்தார்கள். நடைபாதை போடச் சொன்னார் குணசேகரன். பக்கத்து வீட்டு எத்திராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப உன் காரு எங்க நிக்கும் அண்ணாத்தே?"

"ஸ்டேஷனாண்ட காசு கட்டி நிறுத்திக்கறேன். ஆகலன்னா வித்துடறேன். தெரு நடக்கறவங்களுதுப்பா. நிக்கற காருக்காக அத புடுங்கிக்கினா, கடைசில நம்ம ஊட்டு ஆளுக்கே கால் வைக்க எடமில்ல."

அன்றைக்கே காரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும், முதல் வேலையாக டப்பாவை உள்ளே உருட்டினார். அந்த இடத்தில் பத்மா மெல்ல நடந்து பார்த்தாள். நடந்துகொண்டே ஏதோ பழைய கதையை ஆரம்பித்தாள். அவரும் கூட நடந்தார்.